ரவை வைத்த பேன்ஜோ

மெதுவா உக்காருங்க சார். காலு பட்டா தப்பில்ல, முட்டி மட்டும் இடிச்சிடாதீங்க. அந்தப் பொட்டியில அகலமா இருக்கற பக்கம் தோலு இருக்கு. அது கிழிஞ்சா கும்பகோணத்துல எனக்கு வேலையே இல்ல.

தவிலா? இல்ல சார். கண்டக்டரும் அதான் கேட்டார். தவிலுக்கு லக்கேஜ் போடணும்னார். தவில் இல்லன்னேன். அப்ப பம்பையான்னார். இல்லன்னேன். பின்ன என்னதான்யான்னார். பேன்ஜோன்னேன், கிடார் மாதிரித் தந்தி, மத்தளம் மாதிரித் தோலு. கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்துட்டு, "சரி சரி, ஓரமா வெச்சுக்க"ன்னுட்டுப் போயிட்டார். இருபத்திரெண்டு வருஷமா எனக்கு எல்லாரும் குடுக்கற பதில் இதான். கண்டக்டர் வாய்விட்டுச் சொன்னார், சபாக்காரங்க காபி குடுத்துச் சொல்லுவாங்க.

என் பேரு குஞ்சிதபாதம். பேன்ஜோ குஞ்சிதபாதம்னு யூடியூப்ல போட்டீங்கன்னா மூணு வீடியோ வரும். நாலாவதா வர்ற குஞ்சிதபாதம் நான் இல்ல, அவர் ஹோமியோபதி டாக்டர்.

இன்னைக்கு சாயங்காலம் கும்பகோணத்துல கச்சேரி. மத்தவங்க எல்லாம் காலையிலயே கார்ல போயாச்சு. கார்ல ஒரு சீட்டு பாக்கி இருந்துச்சு, ஆனா அதுல கடம் உக்காந்துடுச்சு. கடம் வாசிக்கறவர் இல்ல சார், அவருக்குத் தனி சீட்டு. நான் சொல்றது பானைய. அதுக்கு சீட் பெல்ட்டெல்லாம் போட்டுக் கூட்டிட்டுப் போறாங்க. "நீங்க பஸ்ல வந்துடுங்களேன், கையில ஒரு பொட்டிதானே"ன்னு சொன்னது யாரு தெரியுமா? கச்சேரியோட முக்கியக் கலைஞர். வயலின் அபயாம்பாள். என் சம்சாரம்.

சிரிக்காதீங்க. கதை இருக்கு.

நான் முதல்ல சினிமா ரெக்கார்டிங்ல மாண்டலின் வாசிச்சுட்டு இருந்தவன். ஒரு படத்துல குதிரைத் துரத்தல் சீன் வந்துச்சு. அதுக்கு பேன்ஜோதான் வேணும்னு மியூசிக் டைரக்டர் எங்கேருந்தோ இத வரவழைச்சார். மூணு நாள் வாசிச்சேன். குதிரை ஓடற வரைக்கும் நான் ஓடணும், குதிரை நின்னா நான் நிக்கணும். மூணாம் நாள் சாப்பாட்டு நேரத்துல சும்மா உக்காந்து கல்யாணி ராகத்துல நாலு சங்கதி போட்டுப் பாத்தேன் சார். உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. இது குதிரைக்குப் பொறந்த வாத்தியமே இல்ல, கச்சேரிக்குப் பொறந்ததுன்னு அன்னைக்கே தெரிஞ்சுடுச்சு. அந்தப் படம் வெளிய வரல. குதிரைங்க என்ன ஆச்சோ தெரியல. பேன்ஜோவ நான் வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன்.

நியாயமாப் பேசுவோம். மாண்டலின் வந்துச்சு, சாக்ஸபோன் வந்துச்சு, கிடார் வந்துச்சு. எல்லாம் வெளிநாட்டுலேருந்து வந்து நம்ம மேடையில சம்மணம் போட்டு உக்காந்து பொன்னாடை வாங்கிட்டுப் போகுது. வயலினே வெள்ளைக்காரன் சரக்குதானே? பேன்ஜோ மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

ஒரே ஒரு குறை உண்டு. மறைக்க மாட்டேன். கார்வை கிடையாது. கார்வைன்னா, ஒரு ஸ்வரத்தப் புடிச்சு அப்படியே நிறுத்தி வைக்கறது. நம்ம சங்கீதத்துக்கு உசுரே அதான். பேன்ஜோ என்ன பண்ணும்னா, 'டங்'குன்னும், அதோட சரி. கதவத் தட்டிட்டு ஓடிப்போற பிள்ளைங்க மாதிரி. நீங்க கதவத் தொறக்கறதுக்குள்ள ஆள் இருக்காது.

இதுக்கு ஒரு வழி கண்டுபுடிச்சேன் சார். உலகத்துலயே நான்தான் முதல்ல கண்டுபுடிச்சேன்.

மாம்பலத்துல ஒரு பிள்ளையார் கோயில், அங்கதான் என் முதல் கச்சேரி. பக்கவாத்தியத்துக்கு வயலின் கிடைக்கல. நாலு பேரக் கேட்டேன். ஒருத்தர் முதுகுவலின்னார். இன்னொருத்தர், தேதி என்னன்னு கேட்டுட்டு, அன்னைக்கு எனக்கு முதுகுவலி வரும்னார். கடைசியில மாயவரத்துலேருந்து ஒரு பொண்ணு வர ஒத்துக்கிச்சு. அதான் அபயா. அப்ப எனக்கு அவ யாரோ. மிருதங்கம் நம்ம கலியமூர்த்தி. மேடையில உக்காந்து, மிருதங்கத்தோட இடது பக்கத் தோல்ல ரவையப் பிசைஞ்சு அப்பிட்டு இருந்தார். கச்சேரிக்குக் கச்சேரி அப்புவாங்க, பாத்திருப்பீங்க. அப்பினாத்தான் 'கும்'முன்னு நிக்கும். எனக்கு மண்டையில பல்பு எரிஞ்சுது. அதுவும் தோலு, இதுவும் தோலு. "ஒரு சிட்டிகை குடுங்க"ன்னு வாங்கி, பேன்ஜோ தோல்ல, தந்தியத் தாங்கற கட்டைக்குக் கீழ, எட்டணா அளவுக்கு ஒட்டவெச்சேன்.

வாசிச்சேன். சார், ஸ்வரம் நின்னுச்சு! சத்தியமா நின்னுச்சு. நான் ஒரு மீட்டு மீட்டினா அது கோயில் மண்டபம் முழுக்க அப்படியே இழைஞ்சு ஓடுது. முன்னாடி உக்காந்திருந்தவங்க கண்ண மூடிட்டாங்க. கோயில் டிரஸ்டி ஒருத்தர் கண்ணத் தொடச்சுக்கிட்டார். அன்னைக்குத்தான் அபயாவும் எனக்கு முதல் தடவையா வாசிச்சா. அது தற்செயல்.

கேசட்டுல பதிஞ்சத ஸ்டாப் வாட்ச் வெச்சு அளந்தேன். நான் கணக்குல கெட்டி. ஒரு மீட்டுக்கு எட்டு செகண்டு. அமெரிக்காவுல பேன்ஜோ வாசிக்கறவன் எவனும் ரெண்டு செகண்டு தாண்டினது கிடையாது. ஏன்னா அவனுக்கு ரவை தெரியாது.

மறு வருஷமே எங்களுக்குக் கல்யாணம். வேற வயலின் கிடைக்கல, அதனால கட்டிக்கிட்டேன்னு நான் கிண்டல் பண்ணுவேன். அவளும் சிரிப்பா. அன்னையிலேருந்து ரவை பிசையறது அவ பொறுப்பு. ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா, அதுல ரவை, ஒரு மூடி தண்ணி. மேடையில என் பக்கத்துல உக்காந்து, பக்குவமாப் பிசைஞ்சு நீட்டுவா. இருபது வருஷத்துல ரெண்டே தடவை அவளுக்குக் காய்ச்சல்னு வேற வயலின் வந்தாங்க. ரெண்டு நாளும் எட்டு செகண்டு வரல. நானே பிசைஞ்சேன், பக்குவம் வரல. சமையல்லயும் கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்குல்ல? அப்படின்னு நினைச்சுக்கிட்டேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பீங்க.

ஏன் இப்படிப் பாக்கறீங்க? பொறுங்க, வர்றேன்.

எனக்கு ஒரே ஒரு ஆசை. மார்கழியில சாயங்காலம் ஆறரை மணி மேடையில பேன்ஜோ உக்காரணும். எங்க தாமரைக்குளம் கான சபாவுல எனக்கு வருஷா வருஷம் குடுக்கற நேரம் பகல் பன்னண்டு. அந்த நேரத்துல வர்ற கூட்டம் எனக்கு வர்ற கூட்டம் இல்ல. கேன்டீன்ல இலை போடற வரைக்கும் ஏசியில உக்காந்திருக்க வர்ற கூட்டம். நான் ராகத்த விஸ்தாரமா எடுத்து உச்சிக்குப் போறப்போ சாம்பார் வாசனை வரும். பாதி ஹால் எந்திரிக்கும். மிச்சப் பாதி, அவங்க துண்டு போட்ட சீட்டப் பாத்துக்கறதுக்காக உக்காந்திருக்கும்.

செயலாளர் கனகசபாபதி கிட்டப் போயி போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நேராவே கேட்டுட்டேன். "குஞ்சிதம், பேன்ஜோ புதுமைதான். ஆனா ஆறரை மணிக்கு நிக்காது"ன்னார். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. "ஒரே ஒரு தடவை குடுங்க. நிக்கலேன்னா இந்த பேன்ஜோவப் பரண்ல போட்டுடறேன். அப்பறம் கையால தொடமாட்டேன்"ன்னேன். பத்து பேருக்கு நடுவுல சொன்னேன் சார். வீட்டுல வந்து சொன்னப்ப அபயாவுக்கு மூஞ்சி மாறிப்போச்சு. "பரண்ல போட்டுட்டு நீங்க என்னங்க பண்ணுவீங்க?"ன்னா. அந்த வாத்தியம் இல்லாம எனக்கு ஒரு நாள் போகாதுன்னு அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனா எட்டு செகண்டு கையில இருக்கறப்ப என்ன பயம்?

ஆறரை மணி குடுத்துட்டாங்க. அதோட நிறுத்தியிருக்கலாம். சபா மலருக்குக் கட்டுரை வேணும்னு கேட்டாங்க. 'பேன்ஜோவில் நீள்நாதம்: என் கண்டுபிடிப்பு'ன்னு தலைப்பு. எனக்கு டைப் பண்ண வராது. நான் ஈசிசேர்ல சாஞ்சுட்டுச் சொல்லச் சொல்ல, அபயாதான் போன்ல அடிச்சா. ரவையோட விகிதம், ஸ்டாப் வாட்ச், எட்டு செகண்டு எல்லாம் விவரமாச் சொன்னேன். அப்பறம் ஒரு வேகத்துல, "என் பேன்ஜோவுக்கு வயலின் துணை தேவையே இல்லை; அது வெறும் சம்பிரதாயம். ரசிகர்கள் கடிகாரம் வைத்துச் சரிபார்க்கலாம்"னு ஒரு வரி சேர்த்தேன்.

அவ விரல் நின்னுச்சு. "இத இப்படியே போட்டுடட்டுமா?"ன்னா.

"போடு"ன்னேன்.

"சம்பிரதாயத்துக்கு எந்த 'ர'?" அப்படின்னுகூடக் கேக்கல சார். ஒரு எழுத்துப் பிழை இல்லாம அடிச்சு அனுப்பிட்டா. அன்னைக்கு ராத்திரி ரசமும் நல்லாத்தான் இருந்துச்சு. நான் ஒண்ணும் சந்தேகப்படல.

கச்சேரி அன்னைக்கு ஹால் நிரம்பிப் போச்சு. ஆறரை மணிக்கூட்டம், சார்! பட்டுப்புடவையும் அத்தர் வாசனையுமா. எல்லார் மடியிலயும் அந்த சபா மலர். மேடைக்குக் கீழ முதல் வரிசையில ஒரு பெரியவர், ரிட்டயரான ரயில்வே அதிகாரியாம், கைக்கடிகாரத்தக் கழட்டி உள்ளங்கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். அவரப் பாத்துட்டு அந்த வரிசையே கழட்டுது. நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். அளங்கடா, நல்லா அளங்கன்னு.

அபயா ரவை பிசைஞ்சு குடுத்தா. ஒட்டினேன். முதல்ல வாசிச்ச வர்ணம் வேகமாப் போச்சு, குறை தெரியல. அடுத்து ராகம் எடுத்தேன். சஹானா. ஒரு மீட்டு மீட்டிட்டு, கண்ண மூடி, தலைய லேசா ஆட்டிட்டுக் காத்திருந்தேன்.

டங்.

அவ்வளவுதான். ஏசி ஓடற சத்தம் கேக்குது. கண்ணத் தொறந்தேன். ரயில்வேக்காரர் கடிகாரத்தக் காதுல வெச்சுப் பாக்கறார், நின்னுபோச்சோன்னு. இன்னொரு தரம் மீட்டினேன். டங். பின்வரிசையிலேருந்து ஒரு குரல், "ஒண்ணு..." ரெண்டுன்னு சொல்ல அவருக்கு வாய்ப்பே வரல.

ரவை பக்குவம் போச்சுன்னு நினைச்சேன். மேடையிலயே இன்னும் கொஞ்சம் வாங்கி அப்பினேன். டொங். கலியமூர்த்திகிட்டக் கை நீட்டினேன். அவர் மிருதங்கத்துலேருந்து ஒரு உருண்டை புடுங்கிக் குடுத்தார். "அண்ணே, போதும்ணே"ங்கறார். கேக்கல நான். அதையும் அப்பினேன். தொப். பேன்ஜோ மேல இப்ப ஒரு கொழுக்கட்டை உக்காந்திருக்கு சார். ஹால்ல யாரோ களுக்குன்னு சிரிக்க, அது வரிசை வரிசையாப் பரவுது. வேர்த்து ஊத்துது எனக்கு.

அப்பத்தான் அபயாவத் திரும்பிப் பாத்தேன். வயலின் மடியில கிடக்கு. வில்லு அதுக்கு மேல கிடக்கு. கைய மடியில கட்டிக்கிட்டு, கோயில்ல பிரசாதத்துக்கு உக்காந்த மாதிரி அடக்க ஒடுக்கமா உக்காந்திருக்கா.

"ஏய், வாசியேன்!"னு பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன்.

அவ என் பக்கம் சாஞ்சு மெதுவாச் சொன்னா: "எல்லார் கையிலயும் மலர் இருக்குங்க. நானும் சேர்ந்து வாசிச்சேன்னா உங்க கட்டுரை பொய்யாயிடும்."

சார், இருபது வருஷம். எனக்கு அப்பத்தான் உறைச்சுது. நான் 'டங்'குன்னு விட்டுட்டுப் போற ஒவ்வொரு ஸ்வரத்தையும் அது அணையறதுக்கு முன்னாடியே வில்லால ஏந்திக்கிட்டு, சத்தம் கூடாம, குறையாம, என் வாத்தியத்துலேருந்தே வர்ற மாதிரி எட்டு செகண்டு புடிச்சு வெச்சிருந்தது அவ. நான் ஸ்டாப் வாட்ச் வெச்சு அளந்தது அவளைத்தான். ரவை... ரவை விஷயம் முழுசாப் பொய்னு இன்னும் நிரூபணம் ஆகல, அத விடுங்க.

கெஞ்சினேன். ஆறரை மணி மேடையில, ஆயிரம் பேருக்கு முன்னாடி, மைக்ல கேக்காத மாதிரி வாயப் பொத்திக்கிட்டுக் கெஞ்சினேன். "ராகம் உன்னோடது, எடுத்துக்க." வயலினத் தோள்ல வெச்சா. பதினோரு நிமிஷம் வாசிச்சா சார். முடிச்சப்ப ஹால் எந்திரிச்சு நின்னு தட்டுச்சு. ரயில்வேக்காரர் கடிகாரத்தக் கட்டிக்க மறந்து போயி உக்காந்திருந்தார். அப்பறம் நான் என்ன வாசிச்சேன், எப்படி முடிச்சேன், மங்களம் யார் வாசிச்சா, எதுவும் ஞாபகம் இல்ல.

சொன்ன சொல் சொன்னதுதான். வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி பேன்ஜோவப் பரண்ல போட்டேன். அவளோட பேசல. அவளும் பேசல. நாலாம் நாள் பரண்லேருந்து எறும்பு சாரி சாரியா இறங்குது, ரவையத் தூக்கிட்டு. அதையும் ரெண்டு பேரும் தனித்தனியா நின்னு பாத்தோம்.

கோவம் எனக்கு அவ மேலயா, என் மேலயான்னு கேட்டீங்கன்னா, முதல் பத்து நாள் அவ மேலதான். அப்பறம் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் திரும்புச்சு. சாப்பிட முடியல. விரலு தானா தொடையில தந்தி மீட்டிட்டு இருக்கும். பைத்தியம் புடிச்சுடுமோன்னு பயந்துட்டேன்.

வைகாசியில செயலாளர் போன் பண்ணார். நான் எடுத்தேன். "மேடம் இருக்காங்களா?"ன்னார். இருபது வருஷமா எங்க வீட்டு நம்பருக்கு அவர் போட்டது எனக்காகத்தான். அடுத்த மார்கழியில அபயாவுக்குத் தனிக் கச்சேரி, அதே ஆறரை மணி. அவ போன வாங்கி, "சரி, ஆனா தம்பூரா என்னோட ஏற்பாடு"ன்னுட்டு வெச்சுட்டா. ஸ்டூலப் போட்டா. பரண்ல ஏறினா. தூசி தட்டி, எறும்பு விட்டுட்டுப் போன ரவையச் சுரண்டி, என் மடியில கொண்டுவந்து வெச்சா.

"நான் தொடமாட்டேன்னு சொல்லியிருக்கேன்"ன்னேன்.

"நீங்க தொடமாட்டேன்னது பேன்ஜோவ. இது இப்ப தம்பூரா. அஞ்சு தந்தி இருக்கு, தம்பூராவுக்கு நாலே போதும். எனக்குப் பின்னாடி உக்காந்து ஸ்ருதி குடுப்பீங்களா மாட்டீங்களா?"

குடுக்கறேன்னு உடனே சொல்லல. ரெண்டு நாள் முறுக்கிட்டு இருந்தேன், மரியாதை இருக்குல்ல. அப்பறம் யோசிச்சுப் பாத்தா, ஆறரை மணி மேடையில பேன்ஜோ உக்காரப்போகுது! நான் கேட்டது அதானே? எங்க உக்காரணும்னு நான் கேக்கலியே. அழைப்பிதழ்ல கடைசி வரியில சின்ன எழுத்துல போட்டிருந்தாங்க, 'ஸ்ருதி: பேன்ஜோ, குஞ்சிதபாதம்'னு. கண்ணாடி போட்டாத் தெரியும்.

லேசான வேலை இல்ல சார் அது. நிஜத் தம்பூரான்னா ஒரு தடவை மீட்டினா அது பாட்டுக்கு முழங்கிட்டு இருக்கும், அது வாசிக்கறவங்க கொட்டாவி விடலாம். இதுல கார்வை இல்லாததுனால நிறுத்தாம மீட்டணும், ரெண்டரை மணி நேரம். கட்டை விரல்ல கொப்புளம் வந்துடும். இந்தா பாருங்க.

டிசம்பர் பத்தொம்பது, கச்சேரி அன்னைக்கு என்ன ஆச்சுன்னா, அவ மறுபடியும் சஹானாவ எடுத்தா. பழைய ஞாபகத்துல வேணும்னேதான் எடுத்திருப்பா, குறும்புக்காரி. நான் பின்னாடி உக்காந்து மீட்டிட்டு இருக்கேன். மேல் ஷட்ஜத்துல, அதான் உச்சி 'ஸ'வுல, போய் நின்னா. நின்னா, நின்னுட்டே இருந்தா. எட்டு செகண்டு இல்ல, எவ்வளவுன்னே எனக்குத் தெரியல, நான் எண்ணல. என் கை நின்னுபோச்சு சார். ஸ்ருதி நின்னது எனக்கே தெரியல. ஹால்ல அந்த ஒத்தை வில்லு சத்தம் மட்டும்தான். அவ தலையத் திருப்பி என்னப் பாத்தா. எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி. அவ கோவிச்சுக்கல. சிரிச்சுட்டு, அந்த ஸ்வரத்த விடாம, புருவத்தால "மீட்டுங்க"ன்னா. மீட்டினேன்.

இருபது வருஷம் அவளோட ஒரே மேடையில உக்காந்து வாசிச்சிருக்கேன். அவ எனக்குப் பக்கத்துல ரெண்டடி தூரத்துல இருந்திருக்கா. நான் என்னையே கேட்டுட்டு இருந்திருக்கேன். இத நினைச்சா வெக்கமா இருக்கு. இத வேற யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க விருத்தாசலத்துல இறங்கிடுவீங்க, அதனால சொல்றேன்.

கச்சேரி முடிஞ்சு ஆட்டோவுல வர்றப்ப கேட்டேன். "அபயா, நீ எப்பலேருந்து இப்படி வாசிக்கறே?"

அவ ஜன்னல் பக்கம் பாத்துட்டு இருந்தா. திரும்பாமலே கேட்டா: "நீங்க எப்பலேருந்து கேக்கறீங்க?"

நான் பதில் சொல்லல. ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் சொல்லல. அவளும் மறுபடி கேக்கல. இன்னைக்கு மேடை ஏறறதுக்கு முன்னாடி சொல்லிடலாம்னு காலையிலேருந்து மனசுக்குள்ள ஒத்திகை பாத்துட்டு வர்றேன். நீங்க கல்யாணம் ஆனவர்தானே சார்? ஒரு யோசனை சொல்லுங்க. டிசம்பர் பத்தொம்பது, ராத்திரி ஏழே காலுக்குக் கேக்க ஆரம்பிச்சேன்னு உள்ளத உள்ளபடி சொல்லிடவா?